தெருவை மடித்த ஒத்தையாள்

டின்காரத் தெருவை இடித்துத் தள்ள மஞ்சள் நிற இயந்திரம் வந்து நின்ற அந்தக் காலையில், சீனியம்மாள் தன் பட்டறையிலிருந்து ஒத்தையாளை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்து, குனிந்து, சாக்கடைச் சிமென்ட் முடிகிற இடத்தில் தெருவின் ஓரத்தைப் பிடித்து, தகரத்தை மடிப்பதுபோல் மடித்துவிட்டாள். அதன்பிறகு வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எங்கள் தெரு இல்லை. உள்ளே நாங்கள் இருந்தோம். உலை கொதித்தது, பட்டறைகளில் சத்தம் கேட்டது, எங்கள் தெருத் தையல்காரப் பெண் செல்லக்கிளி தைத்து முடித்த ஜாக்கெட்டுகள் கொடியில் ஆடின. வானம் மட்டும் முன்பைவிடக் கொஞ்சம் ஒடுங்கி, உள்ளே நின்று அண்ணாந்து பார்க்கிறவனுக்கு டின்னின் வாய்போலத் தெரிந்தது.

ஒத்தையாள் என்பது ஆள் இல்லை, ஒரு கைக்கருவி. தகரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மடிப்புதான் எல்லாம். இரண்டு தகடுகளின் ஓரங்களைக் கொக்கிபோல வளைத்து, ஒரு கொக்கியை இன்னொன்றில் மாட்டி, அடித்து அமுக்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தண்டவாளத் துண்டின்மேல் தகட்டை அழுத்திப் பிடிக்க, மற்றவர் மரச்சுத்தியால் தட்டிக்கொண்டே வருவார். எங்கள் தெருவில் புருசன் தட்டினால் பொண்டாட்டி பிடிப்பாள், அண்ணன் தட்டினால் தம்பி பிடிப்பான். சீனியம்மாளின் புருசன் ஒரு சரக்கு லாரியில் ஏறிப் போய் வடக்கே எங்கேயோ வேறு குடும்பம் வைத்துக்கொண்டபிறகு, அவளுக்குத் தகடு பிடிக்க ஆள் இல்லாமல் போயிற்று. பிடிக்கிறேன் என்று வந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் தகட்டை மட்டும் பிடிக்க வரவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனால் அவள் பழைய டிரங்குப் பெட்டியின் கீலை இரண்டாக அறுத்து, லாரியின் வில்பட்டையில் ஒரு துண்டை நெருப்பில் காய்ச்சி வளைத்து, சைக்கிள் பிரேக்கின் கைப்பிடியைக் கோர்த்து, மூன்று தாடையுள்ள ஒரு கருவியைத் தானே செய்துகொண்டாள். ஒரு தாடை தகட்டைப் பிடிக்கும், ஒரு தாடை ஓரத்தைத் தூக்கும், ஒரு தாடை அமுக்கும், எல்லாம் ஒரு கையின் ஒரே அழுத்தலில். இன்னொரு ஆள் தேவையில்லாததால் அதற்கு ஒத்தையாள் என்று பெயர் வைத்தாள். அது முப்பது வருசத்துக்கு முந்தி.

சீனியம்மாளுக்கு அடக்கம் என்பது கிடையாது. "உலகத்துலயே இது ஒண்ணுதான், செஞ்சவளும் ஒருத்திதான்" என்று டின் வாங்க வருகிற எண்ணெய்க்கடைக்காரர்கள், ரொட்டித் தட்டு வாங்க வருகிற பேக்கரிக்காரர்கள், ஏசி காற்றுக் குழாய்க்கு அளவு கொடுக்க வருகிற எஞ்சினியர்கள் என எல்லோரிடமும் சொல்வாள். சொல்வாளே தவிர, யாரையும் தொட விடமாட்டாள். பக்கத்துப் பட்டறை மாடக்கண்ணு, அவளுக்குக் கொழுந்தன் முறை, கருவி பிறந்த புதிதில் ஒரே ஒரு தடவை அளவெடுத்துக்கொள்ளக் கேட்டார். அவள் மாட்டேன் என்றாள். அன்றிலிருந்து அவர் அதை நண்டு என்றுதான் சொல்வார்.

"என்ன மதினி, நண்டு இன்னைக்கி எத்தன டின்னக் கடிச்சது?"

"உங்க வாயத் தவிர எல்லாத்தையும் கடிச்சிருச்சு கொழுந்தனாரே. அது ஓயாத வாயி, அதுக்குப் பல்லு பத்தாது."

அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். வெளியாட்கள் கேட்டால், "அது யாரோ வெள்ளக்காரன் போட்டுட்டுப் போனது" என்று சொல்லிவைப்பார். அது அவளைச் சுட்டது. பழைய பொருள்கள் சேகரிக்கிற ஒருவர் சென்னையிலிருந்து கார் போட்டு வந்து, ஒத்தையாளைத் தூரத்திலிருந்து நெடுநேரம் பார்த்து, "மிக அபூர்வமான கருவி, ஜெர்மனியிலோ இங்கிலாந்திலோ செய்திருக்க வேண்டும்" என்று சொன்னபோது, அவள் மரச்சுத்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். கார் பின்னோக்கியே தெருவைவிட்டுப் போயிற்று. தன் கையால் செய்ததைத் தன்னுடையது என்று யாராவது ஒருவர் வாயால் சொல்லக் கேட்க வேண்டும்; அவளுக்கு இருந்த ஆசை அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். அதை அவள் யாரிடமும் கேட்டதில்லை.

எங்கள் தெருவுக்குக் கிழக்கே நகராட்சி சேர்மன் அரியநாயகத்தின் கல்யாண மண்டபம். மண்டபத்துக்கு வருகிற கார்களுக்கு நிற்க இடமில்லை. அதனால் எங்கள் தெரு ஆக்கிரமிப்பு என்று ஒரு நாள் எங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது. தாத்தா காலத்திலிருந்து இருக்கிறோம் என்று மனுக் கொடுத்தோம். ஊர்வலம் போனோம். கலெக்டர் ஆபீஸ் வாசலில் வெயிலில் உட்கார்ந்தோம். எங்கள் மனுவை வாங்கியவர்கள் எல்லோரும் நல்லபடியாகவே வாங்கிக்கொண்டார்கள். பிறகு சர்வேயர் ஞானதுரை சிவப்புப் பெயின்ட் டப்பாவோடு வந்து வீட்டுக்கு வீடு குறுக்குக் கோடு போட்டார். அவர் பொல்லாத மனிதர் இல்லை. கதவில் படாமல் சுவரில் மட்டும் கவனமாகப் போட்டார்.

சீனியம்மாள் அவரிடம் கேட்டாள்: "மடிப்புக்கு எவ்வளவு விட்டிருக்கீங்க சார்?"

"என்னம்மா?"

"தகரத்த வெட்டும்போது மடிப்புக்குன்னு அரை இஞ்சு கூட விட்டு வெட்டுவோம். அது மடிப்புக்குள்ள போயிரும், வெளிய தெரியாது. ஆனா அதுதான் எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். இங்க எவ்வளவு விட்டிருக்கீங்க?"

"தெருவுக்கு ஏதும்மா மடிப்பு? முழுசா எடுக்கச் சொல்லி உத்தரவு."

"அப்ப நான்தான் பாத்துக்கிடணும்" என்றாள் அவள். அவர் அதை ஒரு வயிற்றெரிச்சல் பேச்சு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.

இயந்திரம் வந்த காலையில் நடந்ததை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். தெரு சுருண்டது என்கிறார்கள், இடி இடித்தது என்கிறார்கள். நான் பார்த்தது இவ்வளவுதான். அவள் தெருவின் ஓரத்தைக் கருவியின் வாயில் கொடுத்து அழுத்தினாள். நல்ல கனத்த தகடு மடங்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. காலுக்குக் கீழே தரை ஒருமுறை ஏறி இறங்கியது. பிறகு மேற்கே இருந்த எண்ணெய்க் கிட்டங்கிச் சுவரும் கிழக்கே இருந்த கல்யாண மண்டபமும் வெளியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நடுவே ஒரு மெல்லிய கோடு மட்டும் இருந்தது. இயந்திரத்தை ஓட்டிவந்தவர் இறங்கி அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். ஞானதுரை சங்கிலியை விரித்து அளந்தார். திருப்பி அளந்தார். தெருவின் அகலம் ஒன்றுமில்லை என்று வந்தது. அவர் நேர்மையாக அதையே எழுதிக்கொண்டு போனார்.

அன்று மதியம்தான் மண்டபத்துச் சமையல்காரர்கள் பந்திக்கு இலை போடப் போய், டைனிங் ஹால் கதவைத் திறந்து, எதிரே எண்ணெய்க் கிட்டங்கிச் சுவரைக் கண்டார்கள். மடிப்புக்குத் தகடு வேண்டும். எங்கள் தெருவில் ஒருவருக்கும் ஒரு சாண் இடம் உபரி கிடையாது. அதனால் சீனியம்மாள் மடிப்புக்கு வேண்டியதை முழுவதும் கிழக்குப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். சேர்மனின் டைனிங் ஹால், மின்விசிறிகளும் நீள மேசைகளும் கைகழுவும் பேசின்களும் அப்படியே இருக்க, எங்கள் தெருவுக்குள் வந்து நின்றது. முதல் நாள் யாரும் அதற்குள் போகவில்லை. இரண்டாம் நாள் ஒரு ஆடு போனது. அதை ஓட்டிவரப் போனவர்கள் அங்கேயே உட்கார்ந்து வெற்றிலை போட்டார்கள்.

நாங்கள் வெளியே போவதற்கு ஒரு தடையும் இல்லை. நடந்தால் கடைத்தெரு வந்துவிடும். திரும்பி உள்ளே வருவதுதான் சங்கடம். அதற்கு வழி கண்டவர் பால்காரர். அவர் கோட்டின் முன்னால் சைக்கிளை நிறுத்தி, வழக்கம்போல் "பாலேய்" என்று கூப்பிட்டார். செல்லக்கிளி உள்ளேயிருந்து குரலைக் கேட்டுத் தூக்குவாளிக்காகக் கையை நீட்ட, மணிக்கட்டு வரை அவள் கை சுவரிலிருந்து வெளியே வந்தது. பால் ஊற்றிப் பழகியவருக்குக் கை தெரிந்தால் போதும், முகம் வேண்டியதில்லை. வாளியைக் கொடுக்கும்போது அவருடைய விரலும் அவளுடைய விரலும் கொக்கிபோல மாட்டிக்கொள்ள, அவர் சைக்கிளோடு உள்ளே வந்து விழுந்தார். மடிப்பு என்பதே கொக்கியில் கொக்கி மாட்டுவதுதான் என்பதால் எங்களுக்கு இதில் ஒன்றும் ஆச்சரியம் தெரியவில்லை.

அதன்பிறகு அது தெருவின் வழக்கமாகிவிட்டது. வருகிறவர் கோட்டுக்கு எதிரே நின்று ஆள்காட்டி விரலை மடக்கி நீட்ட வேண்டும், உள்ளிருந்து ஒருவர் விரலைக் கோர்த்து இழுக்க வேண்டும். முனையில் இருந்த டீக்கடைக்காரர் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்: "நகத்த வெட்டிட்டு வாங்க, பாவம், உள்ள பொம்பளைங்க கைய நீட்டுறாங்க." தபால்காரர் விரலில் பட்டுவாடா முத்திரை மையோடு வந்தார். கேஸ் சிலிண்டர்காரர் தோளில் சிலிண்டரும் கையில் விரலுமாக வந்தார். குழாயில் தண்ணீர் நசுங்கி நூல்போல வந்ததால், லாரித் தண்ணீருக்கு ரப்பர் குழாயின் மூக்கை வளைத்து நீட்டச் சொன்னோம், அதுவும் மாட்டியது. சண்டை போட்டுவிட்டுப் போன புருசனைச் சாயங்காலம் வரை வெளியே விரலோடு நிற்கவைத்த பெண்கள் இருந்தார்கள். கடைத்தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்து, "அண்ணே, இன்னைக்கி என்ன தப்பு பண்ணீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் கையில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதவர்கள் இந்த ஊரில் உண்டு. டின் வேண்டுமென்றால் தெருமுனையில் நின்று சத்தம் கொடுத்து, தரையில் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டு போனவர்கள். இப்போது அவர்களுக்கும் விரலைத் தவிர வேறு வழியில்லை. ஒரு எண்ணெய்க்கடை முதலாளி கண்ணை இறுக மூடிக்கொண்டு விரலை நீட்டினார், உள்ளே வந்து திறந்தார், டின் விலையைப் பற்றி முன்பு எவ்வளவு பேரம் பேசுவாரோ அவ்வளவே பேசினார். செல்லக்கிளிக்கு அந்த டைனிங் ஹாலில்தான் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளையின் மாமா ஒருவர் அந்நிய விரல் தொடமாட்டேன் என்று வெளியே நின்றுவிட்டார். அவருக்குச் சாப்பாட்டை அடுக்கில் வைத்து நீட்டினோம். சாம்பாரைக் குறைவில்லாமல் சாப்பிட்டார், ரசம் இரண்டாம் தடவை கேட்டார், பாயசத்தை நாங்கள் வேண்டுமென்றே நீட்டாமல் இருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து சுவருக்கு வெளியே ஒரு விரல் மடங்கி நின்றது.

அந்தக் கல்யாணச் செய்தி சேர்மனுக்குப் போயிற்று. அவருடைய மண்டபத்தில் முகூர்த்தங்கள் நடந்தன. தாலி கட்டியபிறகு ஜனங்கள் சாப்பிட இடமின்றி மண்டபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அடுத்தது அவருடைய சொந்த மகள் கல்யாணம். ஒரு நாள் ஞானதுரை தனியாக வந்து விரலை நீட்டினார். மாடக்கண்ணு இழுத்துவிட்டார்.

"வாங்க சார். அன்னைக்கே மடிப்புக்கு இடம் விட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

சர்வேயர் வாய்க்குள் சிரித்தார். "தெருவே இல்லைன்னு எழுதிட்டேங்க. இல்லாத தெருவ இடிக்க முடியாதுன்னு ஆபீஸ்லயும் ஒத்துக்கிட்டாங்க. சேர்மன் ஒரு பேச்சுச் சொல்லி அனுப்பியிருக்காரு." பிறகு அவர் சீனியம்மாளைப் பார்த்து, ஒன்றைக்கூட விடாமல் சொன்னார். மடிப்பை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் நோட்டீஸ் ரத்து, இந்தத் தெருவுக்குப் பட்டா கொடுப்பதில் நகராட்சிக்கு ஆட்சேபணை இல்லை என்று தீர்மானம். ஆனால் அந்தக் கருவி சேர்மன் கைக்கு வந்துவிட வேண்டும்.

தெரு முழுவதும் டைனிங் ஹாலில் கூடியது. பகல் நேரம், விசிறிகள் ஓடின, யாரும் ஒருவர் முகத்தை ஒருவர் நேராகப் பார்க்கவில்லை. ஒரு இடுக்கிக்குத் தெருவையே தருகிறான் என்றால் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று ஒரு குரல் வந்தது. எத்தனை நாளைக்கு ஒடுங்கின வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பது என்று இன்னொன்று. செல்லக்கிளி எழுந்து நின்றாள். அப்போது அவள் வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

"பெரியம்மா, நான் கேக்கக் கூடாது. அது உங்க பொருளு. ஆனா ஒவ்வொரு மழைக்கும் நோட்டீஸ் வருமோன்னு நான் பயந்து வளந்தேன். இந்தப் பிள்ளையும் அப்படி வளரணுமா?"

சீனியம்மாளின் கை இடுப்பில் இருந்த ஒத்தையாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. அப்போது எழுந்தவர் மாடக்கண்ணு.

"ஏப்பா, கூறுகெட்டுப் பேசாதீங்க. அத அவர்ட்ட குடுத்தா பட்டாவோட சேத்து நம்மளையும் மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிடுவாரு. நம்ம ஒரு தெருவத்தான் மடிச்சோம். அவருக்கு ஊரு பூராவும் மண்டபம் கட்டணும்."

"அப்ப பட்டா வேண்டாங்கறியா?" என்று முதலில் பேசிய குரல் கேட்டது.

"வேணும். கருவியும் போகக் கூடாது. ரெண்டும் எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சா நான் ஏன் நண்டுன்னு சொல்லிக்கிட்டு திரியுறேன்?"

சிலர் சிரித்தார்கள். சீனியம்மாள் சிரிக்கவில்லை. இடுப்பிலிருந்து ஒத்தையாளை எடுத்தாள். முப்பது வருசமாகத் தூங்கும்போதுகூடத் தலைமாட்டில் வைத்திருந்ததை, யாரும் தொட்டால் கையைத் தட்டிவிட்டதை, நீள மேசையின்மேல் மாடக்கண்ணுக்கு முன்னால் வைத்தாள்.

"அளவெடுங்க."

அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இப்பவா மதினி? தலையெல்லாம் நரைச்ச பெறகா?"

"பேசாம எடுங்க. இன்னொரு தடவ யோசிச்சா நான் திருப்பி எடுத்து வச்சிருவேன்."

உலகத்தில் ஒன்றே ஒன்று என்று அவள் பெருமையடித்த பொருள் அந்த வாரத்தில் பெருகியது. ஒவ்வொரு வீட்டிலும் டிரங்குப் பெட்டிகள் கீல் இழந்தன. சைக்கிள்கள் பிரேக் இல்லாமல் நின்றன. லாரி செட்டிலிருந்து வில்பட்டைகள் வந்தன. சீனியம்மாள் பட்டறை பட்டறையாகப் போய், தாடையின் வளைவு போதாது என்றும், ஆணி தளர்ந்திருக்கிறது என்றும், இதைக் கருவி என்று சொன்னால் கேட்கிறவன் காறித் துப்புவான் என்றும் எல்லோரையும் திட்டினாள். இடக்கைக்காரரான ஒருவர் தாடைகளைத் திருப்பிப் போட்டுச் செய்தார். அவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தாள். இவை தகரத்தை மட்டும் மடிக்குமா, தெருவையும் மடிக்குமா என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. செல்லக்கிளியின் புருசன் விளக்குக் கம்பத்தின் நிழலை மடித்துப் பார்க்கப் போனான். சீனியம்மாள் அவன் கையில் ஓங்கி ஒன்று போட்டாள்.

சேர்மன் அரியநாயகம் தாமே வந்தார். தீர்மானம் கையெழுத்தாகி ஞானதுரையின் கையில் இருந்தது. கோட்டுக்கு எதிரே நின்று, விரலை நீட்டாமல், தோளில் கிடந்த துண்டின் முனையை நீட்டினார். சீனியம்மாள் பிடித்து இழுத்தாள். துண்டு மட்டும் வந்தது. அவள் அதை மடித்து மேசையில் வைத்தாள். வெளியே கடைத்தெருவே கூடி நின்றது. டீக்கடைக்காரர் சத்தமாகச் சொன்னார்: "சேர்மன் சார், துணிக்கு உள்ள வேல இல்ல, விரல்தான்."

சேர்மன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஐந்து மோதிரத்தில் ஒன்று இருக்கிற விரல் மடங்கி வந்தது. தகடும் ஈயமும் அமிலமும் தின்று மரத்துப்போன சீனியம்மாளின் விரல் அதில் மாட்டி இழுத்தது.

உள்ளே வந்தவர் முதலில் தம் டைனிங் ஹாலைப் பார்த்தார். பிறகு அதன் நீள மேசையைப் பார்த்தார். மேசை நெடுக, ஒன்றுபோல ஒன்றாக, வீட்டுக்கு ஒன்றாகச் செய்த கருவிகள் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதைச் செய்தவர் நின்றார்.

"என்ன சீனியம்மா இது? இதுல எது?"

"நீங்க கேட்டது ஒத்தையாளு. எல்லாமே ஒத்தையாளுதான். எடுத்துக்கோங்க."

"விளையாடாத. தெருவ மடிச்சது எது?"

"எனக்கே தெரியல சேர்மன். கலந்துருச்சு."

அது உண்மையா என்று எனக்கும் இன்றுவரை தெரியாது. தன் கருவியை அவள் இருட்டிலும் தொட்டுக் கண்டுபிடிப்பாள். ஆனால் இடக்கைக் கருவியைத் தவிர மற்றதெல்லாம் அவ்வளவு ஒத்துப்போனது. சேர்மன் மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நடந்தார். ஒன்றை எடுத்தார், வைத்தார், அடுத்ததை எடுத்தார். நடுவில் அவருக்கு விஷயம் புரிந்தது. எதை எடுத்துக்கொண்டு போனாலும் மற்றவை இங்கேயே இருக்கும். அவற்றில் எது மடிக்கும், எத்தனை மடிக்கும் என்று மடித்துப் பார்த்தால்தான் தெரியும். அவருக்கோ இந்த ஊரில் ஒரு மண்டபமும், இரண்டு தியேட்டரும், ஒரு பெட்ரோல் பங்கும் இருந்தன. அவர் கடைசியில் ஒன்றை எடுத்துக்கொண்டார். வெறுங்கையோடு வெளியே போக முடியாதல்லவா.

"சொன்னபடி செய்வியா?"

"நான் சொன்னத நான் செய்வேன். தீர்மானத்த சத்தமா வாசிக்கச் சொல்லுங்க."

ஞானதுரை வாசித்தார். ஆட்சேபணை இல்லை என்ற இடத்தில் செல்லக்கிளி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவர் வாசித்தார். பிறகு சீனியம்மாள் குனிந்து, கைக்கு வந்த ஒரு கருவியை எடுத்து, மடிப்பின் உதட்டைத் தூக்கினாள். தரை ஏறி இறங்கியது. வானம் பழைய அகலத்துக்கு விரிந்து, எங்களுக்குக் கண் கூசியது. டைனிங் ஹால் தன் இடத்துக்குப் போயிற்று. எங்கள் சுவர்களில் சிவப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. அவற்றை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் சீனியம்மாள்.

தெருமுனையில் சேர்மன் நின்று திரும்பினார். "ஒண்ணு என்கிட்டயும் இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ."

"வச்சுக்கோங்க. தகரம் வாங்கிட்டு வாங்க, எப்படிப் பிடிக்கணும்னு சொல்லித் தாரேன்."

கடைத்தெரு சிரித்தது. அவர் காரில் ஏறிப் போனார்.

இதோடு முடிந்தது என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஆனால் ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு நோட்டீஸ் ஒட்டியிருப்பதாகவும், அங்கே நடைபாதைப் பூங்கா வரப்போவதாகவும், வெள்ளிக்கிழமை இயந்திரம் வருவதாகவும் லாரித் தண்ணீர்க்காரர் சொல்லிவிட்டுப் போனார். யாரும் கூட்டம் போடவில்லை. வெள்ளிக்கிழமை காலை எங்கள் பட்டறைகள் எல்லாம் பூட்டியிருந்தன. சீனியம்மாள் முன்னால் நடக்க, மாடக்கண்ணு பின்னால் நடக்க, செல்லக்கிளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்க, ஆளுக்கொரு கருவியை இடுப்பில் செருகிக்கொண்டு, எண்ணெய்க்கடைத் தெரு வழியாக, நகராட்சி ஆபீஸ் வாசல் வழியாக, நல்ல வெயிலில், நடுரோட்டில் போனோம். ஆபீஸ் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஒன்றும் மூடவில்லை.

ஆற்றங்கரையில் இயந்திரம் எங்களுக்கு முன்பே வந்து உறுமிக்கொண்டிருந்தது. குடிசைகளின் சட்டிபானைகள் வெளியே அடுக்கியிருந்தன. நாங்கள் வருவதையும், எங்கள் இடுப்பில் இருந்ததையும் பார்த்து, அந்தச் சனங்கள் வழிவிட்டு நின்றார்கள். ஒரு பெண், தலைமுடியைக்கூட முடியாமல், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"டின்காரத் தெருவா? இதக் கண்டுபிடிச்சது உங்கள்ல யாரு?"

முப்பது வருசமாக வெள்ளைக்காரன் என்று சொன்ன மாடக்கண்ணு, தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தார்.

"இந்தா நிக்கிறாங்களே, எங்க மதினி. சீனியம்மா. இவங்க ஒருத்திதான் செஞ்சாங்க. நாங்கல்லாம் பாத்துச் செஞ்சது."

சீனியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம், அவ்வளவுதான். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள்.

"அதெல்லாம் பெறகு பேசிக்கிடலாம் தாயி. உங்க தெருவோட ஓரம் எங்க இருக்கு? காட்டு."